உள்பை வச்ச சட்டை

இருங்க சார், இருங்க. அந்தக் கீழ்ப்படியில காலை வைக்காதீங்க, பாசி. நேத்து ஒரு ஆளு விழுந்தாரு. விழலை, விழப் பாத்தாரு. ரெண்டும் ஒண்ணுதான். இப்படி மேல வந்து இந்தக் கல்லுல உக்காருங்க. காத்து இன்னும் எந்திரிக்கலை. அந்தா, மலையோரத்துல வரிசையா நிக்குல்லா கரண்டுக் காத்தாடி, அதுல கடைசிக் காத்தாடி சுத்துனாத்தான் குளத்துக்குக் காத்து வரும். அது வரைக்கும் நீங்க தண்ணி மேல ஓட்டுத பலகையும், அதுல கட்டுத பாயும் சும்மாதான் கிடக்கணும்.

என் பேரு பலவேசம். ரேஷன் கடையில எடை போட்டு ரிட்டயர்டு ஆனவன். இங்க ஞாயித்துக்கிழமை தோறும் குப்பை அள்ளுத கூட்டத்துல நானும் ஒருத்தன். உங்களைத் தம்பின்னு கூப்பிடத்தான் வாய் வருது, வயசு அப்படி. ஆனா அந்த வார்த்தையைச் சொன்னாலே இப்ப எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிடுது. அதனால சார்னே கூப்பிடுதேன். ஏன்னு சொல்லுதேன். சொல்லிட்டு உங்ககிட்ட ஒரு உதவி கேப்பேன். பெருசா ஒண்ணும் இல்லை. ஒரு போன் போட்டுக் குடுக்கணும்.

நான் பயந்த சுபாவம் சார். மறைக்க என்ன இருக்கு. என் சட்டை எல்லாத்துலயும் உள்பக்கம், இடது நெஞ்சுக்கு நேரா ஒரு பை இருக்கும். அதுல ஒரு விபூதிப் பொட்டலம், நாக்குக்கடியில வைக்கிற மாத்திரை ஒண்ணு. எனக்கு நெஞ்சுவலி கிடையாது. வந்துட்டா? அதுக்குத்தான். என் வீட்டுக்காரிதான் தச்சுக் குடுப்பா. புதுச்சட்டை எடுத்தா அன்னைக்கே கல்யாண வீட்டு மஞ்சப்பையைக் கத்தரிச்சு உள்ளுக்குள்ள பை வச்சுருவா. “இந்தாங்க, உங்க பயத்தை இதுக்குள்ள போட்டுக்கிடுங்க”ம்பா. அவ போய் ரெண்டு வருஷம் ஆகுது. கடைசியா அவ பை வச்ச சட்டை ஒரு ஊதாக் கட்டம் போட்ட சட்டை. கல்யாண மண்டபத்துப் பேரு பாதி வெட்டுப்பட்டு, தலைகீழா இருக்கும் அதுல. இந்த உலகத்துலயே அப்படி ஒரு சட்டை ஒண்ணுதான். அதை மனசுல வச்சுக்கிடுங்க.

இவ்வளவு பயப்படுதவன் குளத்துக்கு எதுக்கு வாரேன்னு கேப்பீங்க. டாக்டர் நடக்கச் சொன்னாரு, நடந்தேன். நடந்து வந்த இடத்துல அந்தப் பொண்ணு நின்னுச்சு. பெர்பெத்துவா. அந்தா, சாக்கை இழுத்துக்கிட்டுப் போகுதுல்லா, அவதான். காத்தாடிக் கம்பெனியில இஞ்சினியர். கடக்கரைக்காரி. அந்தக் காத்தாடி உச்சியில ஏறி நின்னுக்கிட்டு மத்தியானச் சோறு திங்கும் அது. என்னைப் பாத்ததும், “சார், சும்மாதான நிக்கீங்க, இந்தக் கையுறையை மாட்டுங்க”ன்னுச்சு. மாட்டிட்டேன். மாட்டேன்னு சொல்லப் பயம்.

இந்த இடம் என்ன இடம்னு உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. பேராச்சிக் குளத்துல காத்து நேரா வந்து இறங்குத துறை இது ஒண்ணுதான். அதனால உங்களை மாதிரி ஆளுக பலகையை இங்கதான் தண்ணியில இறக்கணும். சரி. ஆனா சுத்துப்பட்டு ஊர்க்காரங்களுக்கு இது கருமாதித் துறை. பதினாறாம் நாள் காரியம் முடிச்சுக் குளிச்சுட்டு, செத்தவங்க துணியைத் தண்ணியில விட்டுட்டுத் திரும்பிப் பாக்காமப் போவாங்க. கிழிசலை விட மாட்டாங்க சார். அது மரியாதை இல்லை. செத்தவங்க எதைப் பிரியமா உடுத்துனாங்களோ, அதைத்தான் விடுவாங்க. பட்டுச்சேலை கிடக்கும். பேன்ட் கிடக்கும், பெல்ட்டோட. ஒரு தடவை போலீஸ் தொப்பி கிடந்துச்சு.

எத்தனை வருஷத்துத் துணி! சேறும் துணியும் ஒண்ணாப் பெசஞ்சு கிடந்துச்சு. போன வருஷம் நாகர்கோவில்ல இருந்து ஒருத்தர் பாய் பிடிக்க வந்தவரு, பலகைக்கு அடியில இருக்குமே சுறாவுக்கு மாதிரி ஒரு துடுப்பு, அதுல ஒரு சேலை சுத்திக்கிட்டு. பலகை சட்டுனு நின்னு ஆளு முன்னால விழுந்து, விழுந்தவரு காலுல சேலையோட மறுமுனை. இழுக்க இழுக்க இறுகுது. பெர்பெத்துவா கத்தியோட நீந்திப் போய் அறுத்து விட்டுச்சு. கரைக்கு வந்த மனுசன் என்ன சொன்னாரு தெரியுமா? “யாரோ பிடிச்சு இழுத்தாங்க”ன்னாரு. சேலைன்னு சொல்லலை. யாரோன்னாரு. அதுக்கப்புறம் ஒருத்தரும் இங்க இறங்கலை. அப்பத்தான் இந்தப் பொண்ணு, துறையைச் சுத்தம் பண்ணியே தீரணும்னு ஆள் சேத்துச்சு.

ஆள் வந்தாங்க. பாட்டில் பொறுக்க வந்தாங்க, முள்ளு வெட்ட வந்தாங்க. துணியைத் தொட மட்டும் ஒருத்தனும் வரலை. படிச்ச பிள்ளைகதான். ஒருத்தனுக்குக் கையில புண்ணு, ஒருத்தனுக்குச் சளி. கடைசியில அந்த வேலை யாரு தலையில விழுந்துச்சுங்கீங்க? வாயைத் திறந்து மாட்டேன்னு சொல்லத் தெரியாத பலவேசம் தலையில.

நான் ஒரு முறை வச்சிருக்கேன். தொரட்டிக் கம்பால துணியைத் தூக்குவேன். தூக்குறதுக்கு முன்னால சொல்லுவேன்: “நீங்க யாரோ எவரோ தெரியாது. நான் உங்களை விரட்டலை. இடத்தைத்தான் மாத்துதேன். கோவிச்சுக்கிடாதீங்க.” ஒவ்வொரு துணிக்கும் சொல்லணும். மொத்தமாச் சொல்லக் கூடாது. ரேஷன் கடையில மொத்தமாப் பதில் சொன்னா சனங்க விடுவாங்களா? அப்படித்தான் இவங்களும். பிள்ளைக சிரிப்பாங்க. சிரிக்கட்டும். வீட்டுக்குப் போறது நான், ஒத்தையில படுக்கிறது நான்.

இந்த ஆடியில பாருங்க சார். நல்ல காத்து. தண்ணி கரையில வந்து அறையுது. அந்தப் புளியமரத்துக்கு நேரே, கொடியில துணி காயப்போட்ட மாதிரி ஒரு சட்டை நாணல்ல மாட்டிக்கிட்டு ஆடுது. கையை ஆட்டுது சார். “வா, வா”ங்குது. நான் வழக்கம்போலச் சொன்னேன், நீங்க யாரோ எவரோன்னு. கம்பைப் போட்டுத் தூக்குனேன். ஊதாக் கட்டம். சரி, ஊதாக் கட்டம் ஊரெல்லாம் போடுதான்னு நினைச்சேன். திருப்புனேன். உள்ள மஞ்சத்துணி. தலைகீழா பாதி எழுத்து.

என் சட்டை.

சார், நீங்க செத்தவங்க துணி கிடக்கிற இடத்துல உங்க சட்டையைப் பாத்திருக்கீங்களா? என்னைத் தொட்டுப் பாத்துக்கிட்டேன். கையைக் கிள்ளிப் பாத்தேன். அப்படியே சேத்துல சாய்ஞ்சுட்டேன். பெர்பெத்துவா தண்ணி தெளிச்சுச்சாம், எனக்குத் தெரியாது. எந்திரிச்சதும் அந்தச் சட்டையைச் சாக்குல போட விடலை நான். மத்தத் துணியோட சேத்து எரிச்சாங்கன்னா? என் சட்டை எரிஞ்சா நான் எரிஞ்ச மாதிரில்லா? வீட்டுக்குள்ளயும் கொண்டு போக முடியாது. வண்டிப் பெட்டியில போட்டுப் பூட்டுனேன். அன்னையில இருந்து அங்கதான் கிடக்கு. வண்டியில போகும்போது பின்னால யாரோ உக்காந்திருக்கிற பாரம் சார். இப்ப நடந்துதான் வாரேன். வண்டியை உருட்டிக்கிட்டு.

தூக்கம் போச்சு. ஈசிஜி எடுத்தேன். நல்லாத்தான் இருக்குன்னாரு டாக்டர். இன்னொரு டாக்டர்கிட்ட எடுத்தேன். அவரும் நல்லாத்தான் இருக்குன்னாரு. ரெண்டு பேரும் சொல்லி வச்ச மாதிரிச் சொல்லுதாங்கன்னா, கேட்டுக்கிடுங்க, பயம் கூடுமா குறையுமா?

சட்டை எப்படி இங்க வந்துச்சுன்னுதான கேக்கீங்க? அது எனக்குத் தெரியும். அதுதான் சார் பயமே. அந்தச் சட்டை என் தம்பிகிட்ட இருந்துச்சு. உச்சிமாகாளி. என் கூடப் பிறந்தவன் அவன் ஒருத்தன்தான். தூத்துக்குடி துறைமுகத்துல கிரேன் ஓட்டுதவன். ஒரு மகன் உண்டு அவனுக்கு, வெளியூர்ல வேலை பாக்கான். அவன் வீட்டுக்காரி செண்பகத்துக்குச் சொந்த ஊரு இந்தக் குளத்துக்கு அந்தக் கரை. அந்தா தெரியுது பாருங்க, தண்ணித் தொட்டி. அந்த ஊரு.

தையில என் பேத்திக்குக் காது குத்துனோம். எம்மக ஓசூர்ல இருந்து வந்து, சம்பந்தி வீட்டு ஆளுக வந்து, மண்டபத்துல வச்சு நல்லாத்தான் நடந்துச்சு. மாகாளி முதல் நாளே வந்துட்டான். இழுத்துப் போட்டு வேலை செஞ்சான், இல்லைன்னு சொல்ல மாட்டேன். பந்தி முடியிற வரைக்கும் அவன்தான் சாம்பார் வாளி. அவசரத்துல வாளி சாய்ஞ்சு சட்டை பூராச் சாம்பார். சுடுசாம்பார். நான்தான் என் பையில இருந்த சட்டையை எடுத்துக் குடுத்தேன். பையில அது ஒண்ணுதான் இருந்துச்சு. குடுத்தப்புறந்தான் பாக்கேன், அது அவ கடைசியாத் தச்சது. கேட்டுத் திருப்பி வாங்க முடியுமா? போட்டுட்டான். அவனுக்கு அது நல்லா எடுப்பா வேற இருந்துச்சு.

சாயந்தரம் கிளம்புதான். வாசல்ல சம்பந்தி, சம்பந்தி வீட்டு ஆளுக எல்லாரும் நிக்காங்க. நான் சொன்னேன், “ஏல மாகாளி, சட்டையை அமுக்கிறாத. துவச்சு ஒழுங்கா வந்து சேரணும்.” எல்லாரும் சிரிச்சாங்க. அவனும் சிரிச்சான். சிரிச்சான் சார், நான் பாத்தேன். “வந்து சேரும்ணே”ன்னான். இதுல என்ன தப்பு இருக்கு? அண்ணன் தம்பிக்குள்ள இது கூடச் சொல்லக் கூடாதா? அது அவ தச்சதுன்னு நாலு பேரு முன்னால எப்படிச் சொல்லுவேன்? அழுதுருவேன்.

சட்டை வரலை. மாசியில போன் போட்டேன், சட்டையைக் கேட்டு. “வந்து சேரும்ணே”ன்னான். பங்குனியில போட்டேன். அப்பவும் அதையேதான் சொன்னான், ஆனா குரல் வேற மாதிரி. இருமிக்கிட்டே சொன்னான். “உனக்குச் சட்டைதான் பெருசு, என்ன?”ன்னு கேட்டான். நான் விடுவேனா? “ஆமால, பெருசுதான்”ன்னுட்டேன். அதோட சரி. அவன் போனும் பண்ணலை, நானும் பண்ணலை. இளையவன் அவன்தான பண்ணணும்?

ஆக, சங்கதி என்னன்னு விளங்குதா? பழி வாங்கிட்டான். மாமியா ஊருக்கு வந்த இடத்துல, நான் இங்கதான் துணி அள்ளுதேன்னு கேள்விப்பட்டு, என் சட்டையைக் கொண்டாந்து செத்தவங்க துணியோட விட்டுட்டுப் போயிருக்கான். “செத்துப் போ, லே”ன்னு அர்த்தம். உயிரோட இருக்கிறவன் துணியைக் கருமாதித் துறையில விட்டா அவன் வருசம் திரும்பாதுன்னு எங்க பக்கம் சொல்லுவாங்க. கூடப் பிறந்தவன் செய்யிற காரியமா சார் இது? அவனுக்கு நான் தோளுல தூக்கித் திருவிழா காட்டியிருக்கேன்.

இதோட விடலை அவன். ஆளும் அனுப்பியிருக்கான். ஆனிக் கடைசியில நான் ஓசூர்ல மக வீட்டுல இருந்தேன். அப்ப ஏதோ ஒரு புது நம்பர்ல இருந்து விடாம அடிச்சுக்கிட்டே இருந்தாங்க. காலையில அடிச்சு, மத்தியானம் அடிச்சு. நான் எடுப்பேனா? தெரியாத நம்பரை எடுத்தா பேங்குல இருக்கிறதை உருவிருவான்னு டிவியில தினமும் சொல்லுதான். அந்த நம்பரையே வராமப் பண்ணச் சொல்லி மருமகன்கிட்ட குடுத்துட்டேன். ஊருக்குத் திரும்புனா, எதிர்வீட்டுக்காரரு சொல்லுதாரு: “யாரோ ஒரு மொட்டைத்தலை ஆளு, உங்களைத் தேடி வண்டியில வந்தான். பூட்டைப் பாத்துட்டு வாசப்படியில ரொம்ப நேரம் உக்காந்திருந்தான். ஒண்ணும் சொல்லலை, போயிட்டான்”னு. மொட்டைத்தலை! ரவுடிப் பய. எனக்குக் கதவுக்கு ரெண்டாவது தாப்பா போட்டாத்தான் மூச்சே வந்துச்சு.

என்ன சார், ஒரு மாதிரிப் பாக்கீங்க? பெர்பெத்துவாவும் இப்படித்தான் பாத்துச்சு. எல்லாத்தையும் சொன்னேன் அதுகிட்ட. கேட்டுட்டு, கையுறையைக் கழட்டிக்கிட்டே, “சார், உங்க தம்பி நல்லா இருக்காரான்னு கேட்டீங்களா?”ன்னுச்சு. எனக்கு வந்துச்சே கோவம்! “அவனுக்கு என்ன? என்னை விட ஆறு வயசு இளையவன். கிரேன்ல ஏறி உக்காந்தா ராசா மாதிரி இருப்பான். சாகப் போறது நான். என்னைக் கேளு”ன்னு கத்திட்டேன். அப்புறம் ரெண்டு வாரம் நான் வரலை இந்தப் பக்கம்.

ஆனா அந்தப் பிள்ளை கேட்டது உள்ள போய் உக்காந்துக்கிட்டு சார். போக மாட்டேங்குது. நேத்து வண்டிப் பெட்டியைத் திறந்து சட்டையைப் பாத்தேன். பகல்ல, நாலு பேரு நடமாடுத இடத்துல வச்சுத்தான் பாத்தேன். காலர் தேஞ்சு நூலு நூலா வந்துட்டு. கைமடிப்பு வெளுத்துப் போச்சு. நான் உடுத்தாமப் பத்திரமா வச்சிருந்த சட்டை, புதுசு மாதிரி இருந்துச்சு சார் அது, நான் குடுக்கும்போது. தையில குடுத்த சட்டை ஆடிக்குள்ள அப்படித் தேயணும்னா அதைத் தினமும்ல உடுத்தியிருக்கணும்? பழி வாங்கணும்னு நினைக்கிறவன் எதுக்கு அதைத் தினமும் உடுத்துதான்? பிரியமா உடுத்துன துணியைத்தான்... இல்லை. அந்த யோசனையை நான் யோசிக்க மாட்டேன். அது வரும்போதெல்லாம் எந்திரிச்சு லைட்டைப் போட்டுருவேன்.

உதவி இதுதான் சார். உங்க போன்ல இருந்து அவனுக்கு ஒரு போன் போடுங்க. நம்பர் எனக்கு மனப்பாடம். என் நம்பரைப் பாத்தா எடுக்க மாட்டான், வைராக்கியக்காரன். நீங்க பேசுங்க. நான் சொல்லித் தாறதைச் சொல்லுங்க. “உங்க அண்ணன் சொல்லுதாரு. அவருக்குச் சட்டை வேண்டாமாம். நீங்களே வச்சுக்கிடணுமாம். கொண்டாந்து குடுக்கேங்காரு. அவரை வையாதீங்க, பயப்படுதாரு.” அவ்வளவுதான். ஏன், பயப்படுதாருன்னு சொன்னா என்ன? அவனுக்குத் தெரியும். சின்ன வயசுல இருட்டுக்குள்ள கொல்லைக்குப் போகணும்னா அவன்தான் எனக்குத் துணைக்கு வருவான். இளையவன் அவன், ஆனா அவன்தான் வருவான்.

போட்டுட்டீங்களா? மணி அடிக்கா? சத்தமா வைக்காதீங்க. காதுல வச்சே பேசுங்க.

எடுத்தாச்சா? யாரு? பொம்பளைக் குரலா? செண்பகந்தான். அவ போனை எடுக்க மாட்டாளே, அவன் போனை அவன்தான எடுப்பான். டூட்டியில இருப்பான். ஞாயித்துக்கிழமையும் டூட்டி பாப்பான் அவன். மாகாளி இருக்காரான்னு கேளுங்க. கேளுங்க சார்.

என்ன சொன்னா? அவ அழுத மாதிரி இங்க வரைக்கும் கேக்கு. அவ எதுக்கு அழுதா? நீங்க ஏன் எந்திரிச்சு நிக்கீங்க?

அந்தா பாருங்க, கடைசிக் காத்தாடி சுத்துது. நல்லாச் சுத்துது. காத்து வந்துட்டு சார். நீங்க போனை வச்சுட்டுப் பலகையை எடுங்க, இந்த நேரத்தை விட்டா அப்புறம் காத்து கிடைக்காது. தண்ணிக்கடியில ஒரு துணி கிடையாது, ஒவ்வொண்ணா நான்தான் எடுத்தேன், ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லிட்டு எடுத்தேன். போங்க. போனை வைங்க.

என்கிட்ட நீட்டாதீங்க. நான் வாங்க மாட்டேன். நீங்களே சொல்லுங்க அவகிட்ட. என்னத்தச் சொல்ல... தம்பி, நீங்களே சொல்லுங்க, தம்பி. சட்டை வந்து சேந்துட்டுன்னு சொல்லுங்க.